பல்கனியில் ராசா

ஓர் அரசாங்கத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த ஆட்கள், வந்த இடத்தில் முதல் வேலையாகத் தங்களுக்கென்று ஓர் அரசாங்கம் அமைக்க வேண்டும். எண்பத்தாறில், பிரெஞ்சு பேசுகிற பனி ஊரான லாசாலில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அந்தக் கடமையை நிறைவேற்றியவர் கிறகரி மாஸ்டர். பிரெஞ்சு வகுப்புக்குப் போன மனுசன் பாஷையைப் படித்தாரோ தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் ராசாவை இருத்தி வைத்துவிட்டு மந்திரிமார் ஆண்ட கதையை மட்டும் வடிவாய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ராசா வீற்றிருப்பாராம். ஆளுகிற கரைச்சல் மந்திரிமாருக்காம்.

வீடு செபஸ்தியாம்பிள்ளை அண்ணையின் பெயரில் எடுத்தது. ஆகவே அவர் ராசா. மாஸ்டர் பிரதம மந்திரி. நான் வெங்காய மந்திரி. உரிப்பதும் அழுவதும் என் இலாகா. வின்சன்ட் கதவு மந்திரி. பல்கனிக் கதவால் வீட்டுச் சூடு போகிறதென்று, அதை எவரும் பூட்டலாம், திறப்பது வின்சன்ட் மட்டும் என்று சட்டம் போட்டோம். ராசா சிரித்துக்கொண்டு ஒப்புதல் தந்தார். அவருடைய மனைவி சிசிலி அக்காவுக்கு இலாகா இல்லை. அவ தையல் ஃபக்டரியில் உழைக்கிற ஆள், ஆட்சி செய்ய நேரமில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. பல்கனிப் பனிக்குள் வைத்திருந்த ஆட்டுக்கால் சமையலுக்கு வேண்டியிருந்தது. வின்சன்ட் கதவைத் திறந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடினான். ராசா இடுப்பில் கட்டின சாரத்தோடு வெளியே போனார். கதவு ஆவென்று கிடப்பதைக் கண்ட பிரதமர் சட்டப்படி பூட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராசா ஆட்டுக்காலைக் கட்டிப்பிடித்தபடி துள்ளினார். மூக்கு சிவந்து, பேந்து நீலமாகிக்கொண்டு வந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. திறப்பம் மாஸ்டர் என்றேன்.

"நீர் வெங்காயத்தோட நில்லும்," என்றார் பிரதமர். "திறக்கிறது வின்சன்ட்."

அவன் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறான், வர இருட்டிவிடும் என்றேன். அப்படியென்றால் பதில் மந்திரி ஒருவரை நியமிக்க வேண்டும், அந்த அதிகாரம் ராசாவுக்கு மட்டும் என்றார். ராசா உதிலைதானே நிக்கிறார், கேட்பம் என்றேன். ராசாவும் வாயை அசைத்துக்கொண்டுதான் நின்றார். இரட்டைக் கண்ணாடி, ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். திறக்க மந்திரி வேண்டும்.

விசயம் பாரதூரமானது என்பதால் அவசரக் கூட்டம் கூடியது. ராசாவின் உடல்நிலை குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாஸ்டரும் நானும் எழுந்து கண்ணாடியைப் பார்த்து மரியாதை செய்தோம். ராசா ஆட்டுக்காலை ஓங்கிக் காட்டினார். ஆசீர்வதிக்கிறார் என்று பிரதமர் விளக்கம் தந்தார்.

அந்த நேரம் சிசிலி அக்கா வேலையால் வந்தா. எங்களைப் பார்த்தா, புருசனைப் பார்த்தா, நேரே போய்க் கதவைத் திறந்தா.

ராசா உள்ளே விழுந்து ஹீட்டரைக் கட்டிப்பிடித்தார். அக்கா தேத்தண்ணி கொடுத்தா. நாங்கள் நல்ல ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். பல்லுக் கிடுகிடுப்பு அடங்கியதும் அண்ணை மனைவியைத்தான் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சிசிலி, நீர் செய்தது பிழை. மந்திரிசபையைக் கேட்டெல்லோ திறந்திருக்க வேணும்."

எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ராசா எந்தச் சனத்துக்குக் கிடைக்கும்?

சிசிலி அக்கா பல்கனிக் கதவை அகலத் திறந்து பிடித்தா.

"அப்ப போய் நில்லுங்கோ. கேட்டிட்டு வாறன்."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். பேந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே போனார். நாங்களும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினோம்.