முப்பது புதுத் துடைப்பமும் ஒரு சமத்துவ நாளும்

கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து, பேச்சுப்போட்டிக்காக 'உழைப்பின் மாண்பு' எழுதிக்கொண்டிருந்தேன். "காலத் தூக்கும்மா" என்றார் தூய்மைப் பணியாளர் செல்வி அக்கா. தூக்கினேன். அவர் கீழே கூட்டினார். நான் மேலே மாண்பை எழுதினேன். மூன்றாவது பத்தி வந்தபோதுதான் சுரீர் என்றது. (எனக்கு எல்லாமே மூன்றாவது பத்தியில்தான் உறைக்கும்.)

அன்று மாலையே எங்கள் சர்வமத மாணவர் குழுவைக் கூட்டினேன். குழு என்றால் ஆம்பூர் சமீரா, காட்பாடி ஜெபஸ்டின், நான். மற்றவர்கள் வருகைப் பதிவு உண்டென்றால் மட்டும் வருவார்கள். தீர்மானம் இதுதான்: வருகிற புதன்கிழமை மூன்று மதத்து மாணவர்களும் சேர்ந்து கல்லூரியைக் கூட்டுவோம். தூய்மைப் பணியாளர் அக்காக்கள் நாலு பேரும் மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

செல்வி அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மாதனூர்ல எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல பரிசு குடுக்கறாங்கமா, மூணு மணிக்கு. நான் ஒண்ணரை பஸ்ஸப் புடிக்கணும். எல்லாம் சுத்தமா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் சூப்பர்வைசர் உடுவாரு. அதுக்குள்ள முடிச்சிருவீங்க இல்ல?"

"அக்கா, பன்னெண்டு மணிக்கே நீங்க ஃப்ரீ!" என்று அடித்துச் சொன்னேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பிரார்த்தனை. மூன்று மதத்துக்கும் சம நேரம் வேண்டும் என்று என் போனில் ஸ்டாப்வாட்ச். ஜெபஸ்டினின் ஜெபம் பதினேழு நிமிடம் போனது. விடுவேனா? என் பக்திப் பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடி இருபத்தொன்றைத் தொட்டேன். "அப்போ எனக்கு நாலு நிமிஷம் வரணும்" என்றான் ஜெபஸ்டின்.

"என்னோடது மூணு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. பேஜார் பண்ணாம உடுங்கப்பா" என்றாள் சமீரா.

விடவில்லை. சமத்துவம் ஏற்பட்டபோது மணி பதினொன்று.

அப்புறம்தான் கூட்டினோம். வருகைப் பதிவு உண்டு என்றதும் வந்துவிட்ட முப்பது பேருக்கு முப்பது புதுப் பூந்துடைப்பம். புதுசு வாங்கினால் சுவரில் நாலு தட்டுத் தட்டி, பொடியை உதிர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது துடைப்பம் பிடித்த எவருக்கும் தெரியும். எங்கள் முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டக் கூட்ட உதிர்ந்தது. உதிர்ந்ததைக் கூட்ட இன்னும் வேகமாகக் கூட்டினோம். அரை மணியில் மூன்று மாடியும் மாவு மில். வேலூர் வெயிலில் பனிமூட்டம் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

"தண்ணி ஊத்துங்க!" என்று கட்டளையிட்டேன். பொடி கூழானது.

நாற்காலியிலிருந்து செல்வி அக்கா எழுந்து வந்தார். "இன்னாமா இது? தொடப்பத்தத் தட்டலையா?"

"தட்டணுமாக்கா?"

தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "நீ போய் ஒக்காரு. எதையும் தொடாத."

நாலு பேரும் கழுவி முடிக்க மூன்றே முக்கால். ஜெபஸ்டின் செல்வி அக்காவைப் பைக்கில் பறந்து போய் இறக்கிவிட்டபோது பள்ளியில் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். மகள் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

எங்கள் போட்டோ மட்டும் பிரமாதம். 'தூய்மைப் பணியாளர் ஓய்வு நாள்' பேனருக்குக் கீழே நாங்கள் மூவரும் கைகோர்த்துச் சிரிக்கிறோம். பின்னால், கொஞ்சம் மங்கலாக, நாலு பெண்கள் குனிந்து தரை கழுவுகிறார்கள். கல்லூரி அதை ஃப்ரேம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறது.

விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இப்போது நான் துடைப்பத்தைத் தொட்டாலே அம்மா கத்துகிறார்: "எல்லாரும் வெளிய போங்க, இவ சமத்துவம் பண்ணப் போறா!"

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. (முன்னுரை சரியாக வரவில்லை.) மாடிப்படிக்கு அடியில், வாளிகளுக்கு நடுவே செல்வி அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பு கெடக்குது. ஒக்காந்து சாப்பிட, துணி மாத்த எங்களுக்கு ஒரு ரூம் கேக்கணும். நாங்க போனா பியூனே உள்ள உட மாட்டான். நீங்க வந்தா பிரின்சிபால் ரூம் கதவு தொறக்கும்."

திங்கட்கிழமை போகிறோம். பேனர் கிடையாது, ஸ்டாப்வாட்ச் கிடையாது. பேசப்போவது அக்கா. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் எங்கள் மூவரின் வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்வோமா என்று அக்காவுக்கு இன்னும் சந்தேகம்தான்.