மாப்பிள்ளை கொண்டு வந்த கல்

கோவில்பட்டியில் மழை பெய்தால் மற்றவர்கள் குடை தேடுவார்கள். சந்தேகம் அண்ணாச்சி மட்டும், மாடியில் எவனாவது வாளியோடு நிற்கிறானா என்று அண்ணாந்து பார்ப்பார். எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம். கல்யாண வீட்டு எவர்சில்வர் டம்ளரைக்கூட ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

அவருடைய மகள் செல்வி, புனேயில் தன்னோடு வேலை பார்க்கும் மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். "ஆளைப் பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்றுவிட்டார் அண்ணாச்சி. பையன் வந்தான். கையில் பழத்தட்டு இல்லை. ஒரு கறுப்புக் கல்.

"பழம்னா, கல்லு வச்சுப் பழுக்க வச்சதும்பிய. அதான் நேரா கல்லையே கொண்டாந்துட்டாவ" என்றாள் செல்வி. "அவிய ஊரு ஆத்துல கிடக்கதுப்பா. எரிமலைக் குழம்பு ஆறுன கல்லாம்."

அண்ணாச்சி எனக்கு ஆள் விட்டார். புத்தகம் படிக்கிறவன் என்று தெருவில் எனக்கொரு கெட்ட பெயர் உண்டு. கல்லில் ஊசிக்கண் போல ஓட்டைகள்.

"செங்கச் சூளையில உருகுன கட்டி, அண்ணாச்சி" என்று தீர்ப்பளித்தேன். செல்வியின் முகம் சுண்டிப்போனது.

பையன் ஏதோ சொன்னான். செல்வி மொழிபெயர்த்தாள்: "சூளைக் கட்டி கண்ணாடி மாதிரி மினுங்குமாம். இது மினுங்கலையே."

காந்தம் வெளியே வந்தது. லேசாக இழுத்தது.

"பார்த்தியா, இரும்புக் கலப்படம்!"

"எரிமலைக் குழம்புலயே இரும்பு உண்டாம்ப்பா."

அடுத்து சுத்தியல். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளேயும் அதே கறுப்பு. பூதக்கண்ணாடி வைத்தும் உப்பு மணி போன்ற படிகம் எதுவும் தெரியவில்லை. சட்டென்று ஆறியதால் படிகம் பெரிதாக வளரவில்லை, ஓட்டைகளெல்லாம் உள்ளே அடைபட்ட காற்றின் குமிழிகள் என்றான் பையன்.

அண்ணாச்சி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அப்பம் எங்க கரிசலும் இந்தக் கல்லு பொடிஞ்சு வந்ததுதானா?"

ஆமாம் என்று நான் பலமாகத் தலையாட்டினேன். பையன் செல்வியைப் பார்க்கவில்லை, தானே தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்: "எங்க மண்ணு, ஆமா. உங்க மண்ணு... தெரியாது, மாமா."

அண்ணாச்சி காந்தத்தைப் பைக்குள் போட்டார்.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டா. இந்த வீட்டுல உட்கார்ந்து தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இவருதான். என்னவே?"

கடைசி 'என்னவே' என்னைப் பார்த்து.

கல்யாணம் முடிந்து செல்வி புனே போய்விட்டாள். கல்லில் ஒரு பாதி அவளோடு போனது. மறுபாதி கடை மேஜையில். போன வாரம் ஆணி வாங்கப் போனபோது அதைக் கையில் வைத்திருந்தார்.

"இன்னுமா சோதனை முடியல, அண்ணாச்சி?"

"அம்புட்டுச் சீக்கிரம் நம்பிர முடியுமாவே?"

ஆனால் கட்டைவிரல் பட்டுப் பட்டு, அந்த மினுங்காத கல் ஒரு பக்கம் மினுங்க ஆரம்பித்திருந்தது.