பெட்டார்டு என்ற சொல்லின் வேர்

மூத்தவர் தங்கப்பாண்டியன் அண்ணன் அவர்களுக்கு, சூலக்கரையிலிருந்து தங்கை முருகேஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் அகராதிகளும் நலம். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் உங்கள் புது மூட்டு மடங்கப் பழகிவிட்டதா என்று அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான். ஆனால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே விழுவீர்கள். காகிதத்தில் அது நடக்காது.

விஷயம் உங்கள் மகள் யோகலட்சுமியைப் பற்றியது. இந்த சீசனில் அவள் கொண்டுவரும் புதுச் சரக்கு ஓடாவிட்டால் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குக் கிளம்பினீர்கள். அவள் செய்திருப்பது நெடுநேரம் சீறி, கொஞ்சம் யோசித்து, பிறகு வெடிக்கும் ஒரு வெடி. சரக்குக்கு முன்னால் லேபிள் அச்சாக வேண்டும், லேபிளுக்கு முன்னால் பெயர் வேண்டும். சாமி, சிங்கம், கழுகு எல்லாவற்றையும் மற்ற கம்பெனிகள் எடுத்துக்கொண்டன என்று என்னிடம் வந்தாள். "யாரும் கேட்டிராத பழைய இங்கிலீஷ் வார்த்தையாச் சொல்லுங்க அத்தை. இம்புட்டு வருசமா அதைத்தானே படிச்சுக்கிட்டு இருக்கீக" என்றாள். ஃபிஸ்கிக் என்றேன். சீறும் சிறு வெடிக்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. அதற்கும் முன்பு, வீடு தங்காமல் ஊர் சுற்றும் பெண்ணை அப்படிச் சொன்னார்கள். "வேணாம். அப்பா என்னையத்தான் சொல்லுதீகன்னு நினைப்பாக" என்றாள். அடுத்து பெட்டார்டு என்றேன். கோட்டைக் கதவைத் தகர்க்க அந்தக் காலத்தில் வைத்த வெடி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதற்கு ஒரு வேர் இருக்கிறது, அதையும் கேள்" என்றேன். "வேரு எதுக்கு அத்தை, பூவு போதும்" என்று எழுந்து போய்விட்டாள். மறுவாரமே கோட்டைக் கதவும் யானையுமாக லேபிள் அச்சாகி வந்துவிட்டது.

புது லேபிளைக் கம்பெனி வாசல் காளியம்மன் காலடியில் வைத்து, பெயரை வாசித்து, பொருளும் சொன்ன பிறகே ஒட்டும் வேலை தொடங்குவது நம் அப்பா வைத்த முறை. உங்கள் இடத்தில் நின்று பூஜையை நடத்திய மதினி, பொருள் சொல்ல என்னை அழைத்தார். கோட்டைக் கதவு என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தோடு தீபாராதனை நடந்திருக்க வேண்டும். போர்மேன் அய்யாதுரைதான், "கோட்டைக்கு முன்னால அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டுவைத்தார். என் வகுப்பில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. பாதிப் பிறப்பை மறைத்து ஒரு சொல்லை அறிமுகம் செய்ய எனக்கு வராது. பிரெஞ்சு மொழியில் காற்று பிரிவதைக் குறித்த சொல் என்றேன். "எந்தக் காத்து?" என்றார் மதினி. வயிற்றுக்காற்று என்றேன். ஒட்டும் பகுதியிலிருந்து சின்னத்தாய் மட்டும் மெதுவாக, "அப்ப குசுவா தாயி?" என்றாள்.

அண்ணா, வெடிமருந்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்கள் ஒரு டப்பாவைக்கூட வேகமாக வைக்க மாட்டார்கள். அன்று தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சங்கடத்தில், இதில் கேவலம் ஒன்றுமில்லை, பிசுபிசுத்துப் போவதற்கு ஆங்கிலேயர் சொல்லும் ஃபிஸில் என்பதும் ஒரு காலத்தில் சத்தமில்லாமல் விடுவதைத்தான் குறித்தது என்று விளக்கினேன். விளக்கம் உதவவில்லை. மதினி, "சாமி காலுல எதைக் கொண்டாந்து வச்சிருக்கீக, அத்தையும் மருமகளும்?" என்று கேட்டுவிட்டு, லேபிள் அத்தனையையும் எரிக்கச் சொல்லிவிட்டார். கம்பெனிக்குள் தீக்குச்சி கிழிக்க முடியாது என்பதால்தான் அவை இன்னும் இருக்கின்றன. யோகலட்சுமி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் மரியாதையாக உச்சரிக்கும் எத்தனையோ சொற்கள் இப்படிப்பட்ட இடத்திலிருந்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வந்தவைதான். மனிதர்களும் அப்படித்தான். ஆனால் இதை மதினியிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆகவே நீங்களே வேறு பெயர் ஒன்று வைத்து, குத்தகைப் பேச்சை அடுத்த தீபாவளிவரை தள்ளிப்போட வேண்டும். சரக்கில் குறையில்லை. பெயரில்தான்.

எனக்கு நம்பிக்கை குறைவு என்றாலும் உங்கள் மூட்டுக்காகக் காளியம்மனைக் கேட்டிருக்கிறேன். மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

தங்கை,
முருகேஸ்வரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்முன் இதையும் எழுத வேண்டியதாயிற்று. லேபிளை எரிக்க இன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே பொட்டலுக்குப் போனோம். எரிக்கும் முன்னால், இவ்வளவு ரகளைக்குக் காரணமான வெடியை ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்றார் மதினி. யோகலட்சுமி பற்றவைத்தாள். நெடுநேரம் சீறியது. நின்றது. அணைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தபோது வெடித்தது. "இது உங்க அண்ணனேதான்" என்றார் மதினி. சின்னத்தாய் சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்றுகொண்டாள். லேபிள்கள் கம்பெனிக்கே திரும்பிவிட்டன. நாளை ஒட்டுகிறார்கள். வேறு பெயர் யோசிக்க வேண்டாம் என்றும், குத்தகை என்ற சொல்லை இனி எடுக்க வேண்டாம் என்றும் மதினி எழுதச் சொன்னார். அந்தச் சொல்லின் வேரை அவர் கேட்கவில்லை.