சிங்கி இறால் ஓடும் இரண்டாம் மதிப்பீட்டாளரும்

என் ஆராய்ச்சி விஷயத்தில் இனிமேல் இந்த வீட்டில் யாரும் தலையிடக் கூடாது என்று போன மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு முடிவெடுத்தேன். 'யாரும்' என்றால் யாஜுவான்தான், என் மனைவி. வேறு யார் இருக்கிறார்கள்? மகள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு என் ஆராய்ச்சியைப் பற்றி வெளியே சொல்லவே வெட்கம். ஆனால் தலையிட மாட்டாள்.

முடிவை யாஜுவானிடம் சொல்லவில்லை. சொன்னால் அது என் முடிவாக இருக்காது.

நான் ஜிங்ஜோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். ஆறு வருஷ ஒப்பந்தம். அதற்குள் மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சாக வேண்டும். அச்சானால் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். வேலையோடு, பல்கலைக்கழகம் கொடுத்த வீடும், அதன் பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கிடைத்த இடமும் போய்விடும். அன்றைய தேதிக்கு என்னிடம் இருந்தவை இரண்டு கட்டுரைகள், ஒன்பது மாத அவகாசம், ஏராளமான இறால் ஓடு.

ஓடு ஏன் என்கிறீர்களா? கோடை வந்தால் எங்கள் ஊரே மிளகாய் எண்ணெயில் வெந்த சிங்கி இறாலைத்தான் தின்னும். தெருவெல்லாம் ஓடு. அதைக் கரியாக்கிப் பொடித்துத் தண்ணீரில் போட்டால், தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் என் கண்டுபிடிப்பு. மற்றவர்கள் அறிவியலுக்கு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். நான் என் வயிற்றைக் கொடுத்தேன்.

அப்போதுதான் ஒரு பத்திரிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உலகப் புகழ்பெற்ற மாமேதை டாக்டர் பெங் அவர்களுக்கு' என்று தொடங்கியது. கட்டுரை அனுப்பினால் பதினைந்தே நாளில் அச்சாகுமாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பதினைந்து நாளுக்காக அல்ல, 'மாமேதை'க்காக.

யாஜுவானிடம் காட்டியதுதான் தப்பு. அவள் வீட்டில் உட்கார்ந்து ஊரார் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கிறவள். எந்தப் பத்திரிகையின் ஜாதகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"லாவ் பெங், இது குப்பைப் பத்திரிகை. பல் டாக்டர் எழுதினதும் பாலம் கட்டுறவன் எழுதினதும் ஒரே இதழ்ல வரும்."

"அது பரந்த மனசு."

"படிச்சே பார்க்காம போடுறான்யா!"

"அது நம்பிக்கை."

"நாளைக்கே இது செல்லாதுன்னு சொல்லிட்டா?"

"பக்கத்து லேப்ல இருக்கானே நியே, அவன் ரெண்டு கட்டுரை இதுல போட்டுட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரியறான். எனக்கு மட்டும் ஏன் செல்லாது?"

"பெங் வென்தாவ்!"

செல்லமாகக் கூப்பிடும் 'லாவ் பெங்' போய் முழுப் பெயரும் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன். முதலில் சொன்ன அந்த முடிவை எடுத்தது இந்த நிமிஷத்தில்தான். அந்தப் பத்திரிகையின் முகவரியை மட்டும் சத்தமில்லாமல் கம்ப்யூட்டரில் 'ஆசிரியர்' என்ற பெயரில் சேமித்து வைத்தேன். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், இருவருக்கும் பொது. இது எவ்வளவு பெரிய விவரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் நல்ல பிள்ளையாக இருந்தேன். பிறகு அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, 'ஆசிரியர்' என்ற பெயரைத் தட்டி, கட்டுரையை அனுப்பிவிட்டேன். பதினைந்து நாளை விரல்விட்டு எண்ணினேன்.

பதினாறாம் நாள் பதில் வந்தது. கட்டுரையை அச்சிடலாமா என்று சொல்ல இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்தார்களாம். முதலாமவர் தங்கமான மனிதர். 'நல்ல முயற்சி' என்று இரண்டே வார்த்தை. இரண்டாமவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.

'இவை சாப்பிட்டு மிஞ்சிய ஓடுகளா? மிளகாய் எண்ணெய் போகக் கழுவப்பட்டனவா? இதே சோதனையை வெறும் மணலை வைத்துச் செய்து பார்த்ததுண்டா? ஒவ்வொரு சோதனையும் ஐந்து முறை செய்ததாகக் கட்டுரையாளர் கூறுகிறார். எங்களுக்கு நம்பிக்கை இல்லை.'

எனக்கு வியர்த்துவிட்டது. உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு என் சாப்பாட்டுத் தட்டு எப்படித் தெரிந்தது? ஓட்டை நான் கழுவவில்லைதான். மணலும் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்து முறை என்பதும், இப்போது சொன்னால் என்ன, மூன்று முறைதான்.

ரகசியம் மனசைக் குடைந்தது. சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தன். ஒரு கட்டுரை அனுப்பியிருக்கான். யாரோ ஒரு மதிப்பீட்டாளன் அவன் உயிர எடுக்கறான்."

"அப்படி என்ன கேட்டாராம்?"

"ஓட்டைக் கழுவினியான்னு கேக்கறான்!"

"உன் ஃப்ரெண்டும் ஓட்ட வச்சுத்தான் பண்றானா?"

"இந்த ஊர்ல எல்லாரும் ஓடுதான்."

"கழுவினானா?"

"…இல்ல."

"அப்ப கேட்டது சரிதானே? எண்ணெய்ப் பிசுக்கோட பொடி பண்ணா, ஈயத்த ஓடு உறிஞ்சுச்சா, எண்ணெய் உறிஞ்சுச்சான்னு யாருக்குத் தெரியும்? ஏன் லாவ் பெங், அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"இருக்கா."

"அவ எதுவும் சொல்லலியா?"

"சொல்லியிருப்பா. அவன் கேட்டிருக்க மாட்டான்."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வேறு வழி? மே மாதம் முழுக்க ஓடு கழுவினேன். மணலை வைத்துச் செய்தேன். ஐந்து முறை என்றால் ஐந்து முறை. முதலில் வந்த எண்கள் பாதி பொய் என்று தெரிந்தபோது அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக வந்த எண்கள் முன்பைவிடச் சின்னவை. ஆனால் எத்தனை தடவை செய்தாலும் அதே எண்கள் வந்தன. அது ஒரு தனி சந்தோஷம், அதை நான் பல வருஷமாக மறந்திருந்தேன்.

பிறகு பதில் கடிதம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மதிப்பீட்டாளர் மூஞ்சியில் காறித் துப்பினாலும், ஒவ்வொரு பதிலையும் நன்றியில்தான் தொடங்க வேண்டும். 'மாண்புமிகு மதிப்பீட்டாளரின் கூரிய பார்வைக்கு மனமார்ந்த நன்றி. தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. தவறு என்னுடையது.' இப்படி பதினேழு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

ஜூலையில் இன்னும் ஒன்பது கேள்விகள். செய்தேன். நன்றி சொன்னேன். ஆகஸ்டில் ஆசிரியரே எழுதினார்: 'தங்கள் கட்டுரை இப்போது எங்கள் பத்திரிகையின் தகுதியை மீறிவிட்டது. தயவுசெய்து இதைவிட நல்ல இடத்துக்கு அனுப்பவும்.'

நல்லா இருக்கு என்பதற்காக ஒரு கட்டுரையை நிராகரித்த கதை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நான் கத்தின கத்தலில் மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டிசம்பருக்கு நான்கே மாதம். கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் ஆராய்ச்சியில் பெரிய பெயரெடுத்த ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம். ஒரே நாளில் இரண்டு செய்திகள்.

காலையில் பல்கலைக்கழகம் ஒரு பட்டியல் ஒட்டியது: 'கீழ்க்கண்ட பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள் இனிச் செல்லாது.' முதல் பெயரே அந்தக் குப்பைப் பத்திரிகை. நியே பட்டியல் முன்னால் நின்றுகொண்டிருந்தான். "ரெண்டும் போச்சு, பெங். ரெண்டுமே" என்றான். நிமிர்ந்த நெஞ்சைக் காணோம். அவன் தோளில் கை வைத்தேன். அங்கே என் கட்டுரையும் வந்திருந்தால்?

மதியம் பெரிய பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்! அப்பாடா! வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. மகள் அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே அலட்சியத்தோடு போகலாம்.

வீட்டுக்கு ஓடினேன். "யாஜுவான்! மூணாவது கட்டுரை! வந்துடுச்சு!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நல்லது. கையக் கழுவிட்டு வா" என்றாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல இடத்துக்கு அனுப்பச் சொல்லி என்னைக் காப்பாற்றிய அந்தக் குப்பைப் பத்திரிகை ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? இந்த முறை பல்லைக் கடிக்காமல் எழுதினேன். 'ஐயா, தாங்கள் தெய்வம். அந்த இரண்டாம் மதிப்பீட்டாளர் தெய்வத்துக்கும் மேல். என்றாவது ஜிங்ஜோ வந்தால் எங்கள் வீட்டில் விருந்து சாப்பிட வேண்டும். என் மனைவி மீன் பிரமாதமாகச் சமைப்பாள்.' அனுப்பினேன்.

அடுப்படியில் யாஜுவானின் செல்போன் 'டிங்' என்றது.

தற்செயல்தான். 'அவசியம் வரவும்' என்று இன்னொரு வரி அனுப்பினேன்.

'டிங்.'

வெறும் முற்றுப்புள்ளி ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்த்தேன்.

'டிங்.'

மெல்ல அந்தப் பழைய 'மாமேதை' மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த முகவரி ஒன்று. 'ஆசிரியர்' என்ற பெயரில் நான் இத்தனை மாதமாக எழுதிக்கொண்டிருந்த முகவரி வேறொன்று; பொதுக் கம்ப்யூட்டரில் யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். என் காது சூடாகிவிட்டது. அதற்குள் பதிலும் வந்துவிட்டது.

'மதிப்பிற்குரிய டாக்டர் பெங் அவர்களுக்கு. தங்கள் அழைப்பைக் கவனமாகப் பரிசீலித்தோம். ஒரே ஒரு திருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறோம்: மீனைத் தாங்களே சமைக்க வேண்டும். இப்படிக்கு, ஆசிரியர், முதல் மதிப்பீட்டாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர்.'

மறுக்க எங்காவது இடம் இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை, மூன்று பேரும் ஒருமனதாக எழுதியிருந்தார்கள்.