ஆப்பிரிக்காவுக்கு ஒரு நாற்காலி

உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் தட்டிக் கேட்கப் பிறந்தவர் எங்கள் வீட்டோ. ஒரே நிபந்தனை, அந்த அநியாயம் விருத்தாசலத்திலிருந்து நாலாயிரம் மைலாவது தள்ளி நடக்க வேண்டும்.

செராமிக் பேட்டையில் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். உலகப் பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகள் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதும், அதில் ஒன்று 'வேண்டாம்' என்றால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வதும் அவருக்கு ஆகாது. அந்த வீட்டோ அதிகாரத்தைத் திட்டித் திட்டியே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் நாம் அப்போதுதான் வடையைக் கையில் எடுத்திருப்போம்.

"ஆப்பிரிக்காவுல அம்பத்து நாலு நாடு இருக்குதுங்க. நிரந்தர சீட்டு ஒண்ணாவது உண்டா? தென் அமெரிக்காவுக்கு உண்டா? நீங்க பாட்டுக்கு வடை துன்றீங்க!"

சீட்டு கிடைக்காததற்கு நம் வடைதான் காரணம் என்பதுபோல் முறைப்பார்.

இங்கே எங்கள் பொதுச் சூளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனிச் சூளை இல்லாத பட்டறைகள் எல்லாம் அதில்தான் சரக்கை வேக வைக்கும். யாருக்கு எந்த நாள் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. சூளை கட்டிய காலத்துப் பட்டறைகள் ஐந்துக்கு மட்டும் அதில் நிரந்தர இடம். ஐவரில் ஒருவர் தலையை ஆட்டாவிட்டால் எதுவும் நடக்காது. பிறகு வந்தவர்கள் வாசலில் நிற்கலாம். அந்த ஐவரில் ஒருவர் யார்? நம் வீட்டோதான்! நான் கமிட்டியின் கிளார்க். இந்தக் கூத்தையெல்லாம் மினிட்ஸ் நோட்டில் எழுத வேண்டியது என் தலையெழுத்து.

கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போன நாலு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து இங்கே அகல் விளக்குப் பட்டறை போட்டார்கள். முன்னால் நின்றவர் வளர்மதி. கார்த்திகை தீபம் நெருங்க, அவர்களுடைய வேகாத விளக்குகள் சூளை வாசலில் காத்துக் கிடந்தன. தீபத்துக்குள் வேகாவிட்டால் அத்தனையும் வெறும் மண். மறுநாள் உள்ளே போகவேண்டிய தள்ளுவண்டியிலோ வீட்டோவின் பொம்மைகள். விற்கவா? அதெல்லாம் இல்லை. திருத்தி அமைத்த பாதுகாப்பு சபையாம்! லாட வடிவத்தில் ஒரு மேசை, சுற்றிலும் பொம்மை நாடுகள், ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஒரு சாண் உயர நாற்காலி.

வளர்மதி கமிட்டிக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இந்த ஒரு தடவை எங்களுக்கு வுடுங்க. தீபம் போயிட்டா அப்புறம் யாரு வாங்குவாங்க?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குதும்மா. எனக்குச் சம்மதம் இல்ல" என்று வீட்டோ கையை வேறு உயர்த்தினார்.

"ஆப்பிரிக்காவுக்கு நீங்க கேக்குறீங்க. எங்களுக்கு எந்த நாட்டுலேர்ந்து ஆள் வந்து கேப்பாங்க?"

அறையே சிரித்தது. "அது வேற, இது வேற" என்றார் வீட்டோ. வல்லரசுகளும் இதையேதான் சொல்கின்றன என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை சூளைக்குப் போனால், மனிதர் தன் கையாலேயே நாடுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வேகாத பொம்மை, அவசரம் வேறு. ஒரு வல்லரசின் தலை கையோடு வந்துவிட்டது. விளக்குகள் ஏறின, வெந்தன, தீபத்துக்கு முன்பே விற்றும் போயின.

அதோடு விட்டாரா? அடுத்த கூட்டத்தில், ஐவருக்கும் உள்ள தடை அதிகாரத்தை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இடம் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மற்ற நால்வரும் கையைத் தூக்கி அதைத் தடுத்துவிட்டார்கள். காலமெல்லாம் இதையே பேசிய மனிதர், இதை எதிர்பார்க்கவில்லையாம்! பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தன் இடத்தை வளர்மதிக்கு எழுதிக் கொடுத்தார்.

"என் சீட்டை நான் குடுக்குறேன். இதை எவன் தடுப்பான்னு பாக்குறேன்!"

விதியில் அதற்குத் தடை இல்லை. இன்று வளர்மதி உள்ளே, வீட்டோ ஜன்னலுக்கு வெளியே. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கத்துகிறார். உறுப்பினர் அல்லாதவர் பேச்சை நோட்டில் ஏற்றக் கூடாது. நான் ஒரு வார்த்தை விடாமல் ஏற்றுகிறேன். நின்றால் அவருக்குக் கால் வலிக்கும் என்று, கூட்டம் தொடங்குமுன் ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலியும் போட்டு வைக்கிறேன்.