கோஃபி பாடு மாமாவுக்கு நூற்றுப் பதினாறு வயது

கொனோங்கோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்கா அகோசுவாவுக்கு, தம்பி யாவ் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், என் மனைவி சுகம், ஆடுகள் சுகம். அம்மாவும் சுகம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். பெற்ற தாயின் சுகத்தைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹாம்பர்க் குளிரில் நீ எப்படி நடமாடுகிறாயோ என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். வெட்கத்தில் மரியாதை முன்பின்னாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

மாமாவின் சாவுச் சுவரொட்டியை யாரோ உன் போனுக்கு அனுப்ப, "டேய், நம்ம மாமாவுக்கு எப்படிடா நூத்திப் பதினாறு வயசாச்சு?" என்று நீ மூன்று முறை குரல் செய்தி அனுப்பினாய். சிக்னல் இல்லை என்று பதில் போட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உன் சிரிப்பைக் கேட்கிற தைரியம்தான் இல்லை. எழுத்தில் என்றால் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் வேதத்திலுள்ள வம்ச வரலாற்றில் குடியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இவன் அவனைப் பெற்றான், இத்தனை வருஷம் பிழைத்திருந்தான், பிறகு மரித்தான் என்று போகுமே, எல்லாரும் தாண்டிப் போகிற பக்கம், அதில்தான். ஏனோக்குக்கு முந்நூற்று அறுபத்தைந்து வயது. அது வருஷத்தின் நாள் கணக்கு, சின்னப் பிள்ளைக்கும் புரியும். லாமேக்குக்கு எழுநூற்று எழுபத்தேழு. வியாழன் வானத்தில் சூரியனோடு சேர்ந்து மறைந்து மறுபடி அப்படி மறைவதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள், சனிக்கு முந்நூற்று எழுபத்தெட்டு நாள், இரண்டையும் கூட்டிப் பார், லாமேக்கு வந்து நிற்பார். யாரேத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. அது வெள்ளியும் சனியும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அக்கா. என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். "மெத்தூசலாவுக்கு என்ன வருது?" என்று கேட்டாள். செவ்வாயோடு பாதிச் சனியைக் கூட்டினால் வருகிறது என்றேன். "பாதிச் சனிய எங்க விக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதே நான் நிறுத்தியிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் மாமா போய்ச் சேர்ந்தார். உடல் சவக்கிடங்கில் இருக்க, சுவரொட்டியில் என்ன வயது போடுவது என்று குடும்பம் கூடியது. மாமாவுக்கு எண்பத்திரண்டு இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எண்பத்திரண்டு என்று உள்ளதை உள்ளபடி போடுகிற குடும்பம் இந்த ஊரில் எது? "தொண்ணூறுன்னு போடு, அதான் மரியாதை" என்றார் ஒருவர். "போன மாசம் மேலத்தெருக்காரங்க அவங்க கிழவனுக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டாங்க, நாம என்ன கொறஞ்சவங்களா?" என்றார் இன்னொருவர். குடும்பத் தலைவர் ஆண்ட்வி என் பக்கம் திரும்பி, "எதுக்குச் சண்டை? கணக்கு வாத்தியார் இருக்கான்ல, அவனே பாத்து நல்லதா ஒண்ணு போடட்டும்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். பாத்து நல்லதா ஒண்ணு. இந்தச் சொல்லை ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்லலாமா?

அச்சகத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். மாமா வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். விடிவதற்கு முன் கொஞ்சம் தெரிவார், பொழுது சாய்ந்ததும் கொஞ்சம் தெரிவார், நாம் எட்டிப் பார்ப்பதற்குள் வடக்கே போல்கட்டாங்கா ஊருக்குப் போகிற பாதையில் மறைந்திருப்பார். வானத்தில் அப்படித் திரிகிறவன் புதன் ஒருவன்தான். புதன் சூரியனை ஒட்டி மறைந்து, வெளிவந்து, மறுபடி அதே மாதிரி மறைய நூற்றுப் பதினாறு நாள். போட்டேன் நூற்றுப் பதினாறு. என்றைக்காவது ஒருநாள் யாராவது ஒரு படித்தவன் அந்தச் சுவரொட்டியைப் பார்த்து, இதில் புதன் ஒளிந்திருக்கிறான், இதை எழுதியவன் சாமானியன் இல்லை என்று வியப்பான் என்று நினைத்தேன். மாமாவுக்கு மரியாதை என்று வெளியே சொல்லிக்கொண்டேன், உள்ளே எனக்கு மரியாதை தேடினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அச்சகத்துப் பெண் புத்திசாலி, அங்கேதான் கெட்டது. இரங்கல் புத்தகத்துக்கு நாங்கள் கொடுத்த தாளில், நம் அம்மா பெயரில், "அக்காவின் அஞ்சலி: அமா நியார்கோ, வயது எண்பத்தெட்டு" என்று இருந்தது. தம்பிக்கு நூற்றுப் பதினாறு, அக்காவுக்கு எண்பத்தெட்டா, எழுதினவர் தவறாக எழுதிவிட்டார் என்று அவளே "தங்கையின் அஞ்சலி" என்று திருத்தி அச்சடித்துவிட்டாள். நான் அச்சுப் பிழை பார்த்தேன், அக்கா. என் எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை சாவுச் சடங்கு, பந்தல் நிறையக் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடை. நூற்றுப் பதினாறு என்று கேள்விப்பட்டு வானொலிக்காரன் ஒருவன் வேறு வந்துவிட்டான். நிகழ்ச்சி நடத்துகிறவன் ஒலிவாங்கியில், "அடுத்து, பெரியவரோட ஆசைத் தங்கச்சி அமா நியார்கோ" என்று கூப்பிட்டான். அம்மா எழுந்திருக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்திருக்கிறாள். வானொலிக்காரன் குனிந்து, "அம்மா, உங்க அண்ணன் இவ்வளவு காலம் உயிரோட இருக்க என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டு ஒலிவாங்கியை நீட்டினான்.

"யாருக்கு யாரு அண்ணன்?" என்றாள் அம்மா.

அவன் சுவரொட்டியைக் காட்டினான். பக்கத்திலிருந்தவர்கள் வாசித்துச் சொன்னார்கள். அம்மா எழுந்து நின்றாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் எழுந்து நின்றால் ஒலிவாங்கியே தேவையில்லை, இவன் வேறு அதைக் கையில் கொடுத்திருக்கிறான்.

"இவன் பேரு பாடு. பத்தாவது பிள்ளைக்குத்தான் பாடுன்னு பேரு வைப்பாங்க, இந்தப் பந்தல்ல தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா? நான் ஒம்பதாவது. எனக்கே எண்பத்தெட்டு. ஒம்பதாவது பொறக்குறதுக்கு முன்னாடி பத்தாவது எப்படிய்யா பொறந்தான்? எங்கம்மா எண்ணத் தெரியாமப் பெத்தாளா?"

பந்தல் மொத்தமும் சிரித்தது. வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஊரும் சிரித்திருக்கும். "வயசு போட்டது யாரு?" என்று கேட்டாள். ஆண்ட்வி வானத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "உங்க மகன்தாம்மா, கணக்கு வாத்தியார்" என்றார்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷம் வகுப்பில் நான் பிள்ளைகளைப் பார்த்த பார்வை எல்லாம் அதன் முன்னே ஒன்றுமில்லை. ஒலிவாங்கியை வைத்துவிட்டு, அஞ்சலி சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளே ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு ஊர்ச் சுவரெல்லாம் போனேன். பசை அப்படியொரு பசை. மாமாவின் முகம் உரிந்து வருகிறது, எண் மட்டும் வர மாட்டேன் என்கிறது. என்னிடம் படித்தவர்கள் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "சார், விடை தப்பா? அழிச்சிட்டு மறுபடி போடுறீங்களா?" என்று கேட்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஆமாம் என்றேன்.

நம் வழக்கப்படி நேரே போய்க் காலில் விழுந்தால் அது மன்னிப்பு ஆகாது, ஆள் வைத்துத்தான் கேட்க வேண்டும். சபை மூப்பர் துவோமோவை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா சொன்னதை அப்படியே சொன்னார்:

"ஊரு சிரிச்சதுக்கு நான் கோவப்படல மூப்பரே. எங்கம்மா வயலுக்குப் போனப்ப அவன நான்தான் முதுகுல துணியால கட்டித் தூக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு மூத்த எட்டுப் பேரும் போயாச்சு. இந்த ஒலகத்துல என்னை அக்கான்னு கூப்பிட அவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் போயிட்டான், சரி, அது கர்த்தர் செஞ்சது. அவனுக்கு நான் அக்கான்னு இருந்ததையும் எடுத்துட்டானே, அது என் மகன் செஞ்சது."

அக்கா, நான் அழுதேன். மூப்பர் முன்னாலேயே அழுதேன். இத்தனை காலம் அந்தப் பெயர்களைக் கூட்டிக் கழித்தேனே, அதில் ஒரு அக்காவின் பெயராவது இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லை. மெத்தூசலாவையும் யாராவது ஒரு அக்கா முதுகில் கட்டித் தூக்கியிருப்பாள். பிறகு என்னைப் போல ஒரு மருமகன் வந்து, நல்லதாக ஒரு எண் போட்டு, அவளை ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பான்.

ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ போன் பண்ணி எனக்காகப் பேசு. உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள். வருகிற ஞாயிறு மாமாவுக்கான நன்றி ஆராதனையில் அவள் என்னைத் தன் பக்கத்தில் உட்கார விட வேண்டும், அது போதும். அதற்கு முன் சபை நடுவில் நின்று, அமா நியார்கோ கோஃபி பாடுவின் அக்கா என்று என் வாயால் சொல்வேன். கிரகக் கணக்குத் தாள்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எண் என்றால் ஆடுகளை எண்ணுவதோடு சரி.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் இடுப்பும் என் மானமும் ஒன்றாகத் தேறி வரக் கர்த்தர் கிருபை செய்வாராக.

தலை குனிந்த தம்பி,
யாவ்

பின்குறிப்பு: கடிதத்தைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பப் போகும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நூற்றுப் பதினாறு என்பது பூமியில் நின்று பார்க்கிற நமக்குத்தான்; பூமியும் ஓடுகிறதே, அதனால் அப்படித் தெரிகிறது. புதன் உண்மையிலேயே சூரியனை ஒருமுறை சுற்றி வர எண்பத்தெட்டு நாள்தான். எண்பத்தெட்டு, அக்கா. அம்மாவின் வயது. மாமா மேல் நான் ஒட்டியது வெளியே தெரிகிற எண். உண்மையான எண் அவரைத் தூக்கிச் சுமந்தவளிடமே இருந்திருக்கிறது. இதை அம்மாவிடம் எக்காரணம் கொண்டும் சொல்லிவிடாதே. தாள்களை அடுப்பில் போட்டது உண்மைதான். இன்னும் பற்ற வைக்கவில்லை.