இரண்டாம் பக்கம் வேண்டாம் என்றவள்

இன்டர்நெட் எனக்கு அத்துபடி என்கிற திமிர் ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் சந்துக்கே ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த ஒரே மருமகள் நான்தான். (கோர்ஸில் பாதி நாள் கரண்ட் இருக்காது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.)

என் வீட்டுக்காரர் ஏழுமலை, கல்யாணமான நாற்பத்தோராம் நாள் வெல்டிங் வேலைக்கு சிங்கப்பூர் போனார். போய் இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், அவ்வளவுதான். அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையைத் துவைக்காமல் பாலிதீன் கவரில் கட்டி பீரோவில் வைத்திருந்தேன், அவர் வாசனை போய்விடக்கூடாது என்று. மீன் வாடை அடிக்கும் ராயபுரத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா? ஆறே மாதத்தில் அது நெத்திலி வாசனை அடித்தது. அதையும் முகர்ந்து பார்த்து அழுதிருக்கிறேன். அப்படி ஒரு ஏக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனில், "பத்து நாள் லீவு குடுத்துகிறாங்கமே. தோஸ்து வூட்ல ஒரு ரூம் கீது. நீ ஒரு தபா வந்துட்டுப் போயேன்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "விசா இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடுதாம். மண்ணடில ஏஜென்ட்டு ஒருத்தர் கீறாரு, அவராண்ட பாஸ்போர்ட்டக் குடு."

"ஏஜென்ட்டு இன்னாத்துக்கு? நானே எடுத்துக்கறேன்" என்றேன். திமிர் என்று சொன்னேனே, அது இதுதான்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய பாபு அண்ணன் விசாவையே பார்த்ததில்லை என்றாலும் தைரியம் சொல்வதில் கெட்டிக்காரர். தேடினால் பத்துப் பதினைந்து தளங்கள் வந்தன. ஒன்று போட்டோ வெள்ளைப் பின்னணியில் வேண்டும் என்றது, இன்னொன்று நீலம் என்றது. ஒரு தளம் மட்டும் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சில நாட்கள் ஆகும் என்று கறாராகச் சொன்னது.

"அது டுபாக்கூர் சைட்டு தங்கச்சி. ஒரு பூ, ஒரு கலரு கீதா பாரு" என்றார் பாபு அண்ணன்.

எனக்கும் அது பிடிக்கவில்லை. அடுத்த தளத்தில் கொடி பறந்தது. சிங்கம் இருந்தது. விமானம் ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்துகொண்டே இருந்தது. 'பத்தே நிமிடத்தில்' என்று சிவப்பில் மின்னியது. இன்று யோசித்தால் விஷயம் ரொம்பச் சுலபம். எந்தத் தளம் உண்மை என்று நான் பார்க்கவே இல்லை. எது என்னைச் சீக்கிரம் அவரிடம் அனுப்புகிறேன் என்றதோ அதை நம்பினேன்.

பாபு அண்ணனின் கார்டிலேயே பணம் கட்டினோம். பத்து நிமிடத்தில் வந்தது: என் பெயர், என் போட்டோ, மேலே கொட்டை எழுத்தில் விசா. பிரிண்ட் கொடுக்கும்போது அவர், "ரெண்டாவது பக்கம் ஒண்ணு கீது. அடியில ஒரே ஒரு வரிதான். எடுக்கவா?" என்று கேட்டார்.

"ஒரு வரிக்கு ஒரு பேப்பரா? வேணாம்ணே" என்றேன்.

அதோடு விட்டேனா? எங்கள் பக்கத்தில் முக்கியமான எந்தக் காகிதத்துக்கும் லேமினேஷன் போடாவிட்டால் தூக்கம் வராது. போட்டேன். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து சாமி படத்தின் முன்னால் நிறுத்தினேன். சந்தே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கிளம்பும் நாள் காலையில் இருபது பேர் ஒரு வேனில் ஏர்போர்ட்டுக்கு வந்தார்கள். மாமியார் ஏழு கவர் போட்டுச் சுற்றிய வஞ்சிரக் கருவாட்டை என் கையில் கொடுத்து, "எம்புள்ளைக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மந்திரி மாதிரி கையசைத்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் லேமினேஷனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது விசாவே இல்லையே. யார் கொடுத்தது?" என்றார்.

"இன்டர்நெட்டு சார்" என்றேன். கெஞ்சினேன். கருவாட்டைக்கூடக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வேன் இன்னும் கிளம்பவில்லை. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி, அதுக்குள்ள போய்ட்டு வந்துட்டியா?"

இருபது பேரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

வழியில் பாபு அண்ணன் கடையில் இறங்கி அந்த இரண்டாம் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான். 'இது விசா அல்ல. விண்ணப்பிக்கும் முறை பற்றிய தகவல் ரசீது மட்டுமே.'

அவமானத்தில் வீட்டுக்காரருக்குப் போன் செய்யவே தோன்றவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பின்னால் ஏர்போர்ட் சத்தம் கேட்டது.

"எங்கமே கீறே? எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

"வூட்ல."

"யார் வூட்ல?"

"நம்ம வூட்லதான்."

"சரி, சாப்ட்டியா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த லீவு வீணாகப் போனது. அவர் ஊருக்கு வர மேலும் பதினான்கு மாதம் ஆனது. நான் வண்ணாரப்பேட்டைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போய்த் திரும்பினாலும், "அதுக்குள்ள போய்ட்டு வந்துட்டியா?" என்று இன்றுவரை வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்கிறார்கள். என் பெண்கூட!

போன வருஷம் அவள்தான் எங்கள் இருவரையும் சிங்கப்பூருக்கு அனுப்பினாள். அந்தப் பூவில்லாத, கலரில்லாத தளத்தில் இருந்த ஏஜென்ட் பட்டியலை நானே மூன்று முறை படித்தேன். வந்த விசாவை எல்லாப் பக்கமும் பிரிண்ட் எடுத்தேன். காலிப் பக்கத்தையும் விடவில்லை.

அங்கே இறங்கி வெளியே வரும் கதவருகில், இவர் தள்ளுவண்டியை என்னிடம் விட்டுவிட்டு முட்டிவலியோடு விறுவிறுவென்று முன்னால் போனார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நான் மெதுவாக வெளியே வந்தேன். வரவேற்க வந்தவர்கள் நிற்கும் கம்பிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக நின்று எனக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, இவ்ளோ லேட்டு?" என்றார்.